பதினாலில் நின்ற கடிகாரம்

ஸர்கிஸ்: உட்காருங்க மாப்பிள்ளை. நின்னுக்கிட்டே இருந்தா கடிகாரம் சீக்கிரம் ஓடிடுமா என்ன?

கல்ஃபான்: மாப்பிள்ளைன்னு சொல்லாதீங்க உஸ்தாத். இன்னும் ரெண்டு நாள் இருக்கு.

ஸர்கிஸ்: வியாழக்கிழமை நிக்காஹ். செவ்வாய்க்கிழமை தாடியெல்லாம் ஒதுக்கிக்கிட்டு, ஊது வாசனையோட என் கடைக்கு வர்றீங்க. இதுக்கு வேற பேர் இருக்கா?

கல்ஃபான்: கிண்டல் பண்ணாம வேலையைப் பாருங்க. பெரியப்பா வீட்டுல காத்துக்கிட்டிருக்கார்.

ஸர்கிஸ்: ஒரு கோப்பை காவா?

கல்ஃபான்: வேணாம்.

ஸர்கிஸ்: ஒரு பேரீச்சம்பழமாவது...

கல்ஃபான்: வேணாம்னேனே!

ஸர்கிஸ்: சரி, சரி. உங்க பெரியப்பா மகன் ஹுமைத் வந்தா ஒரு தட்டு காலியாகும். கொட்டையை எங்க போடறதுன்னு தெரியாம என் திருப்புளி டப்பாவுல போட்டுட்டுப் போவார். அந்த ஞாபகத்துல கேட்டுட்டேன்... பெட்டியைக் கொடுங்க. வழியில திறந்தீங்களா?

கல்ஃபான்: நான் எதுக்குத் திறக்கணும்? காலையில பெரியப்பா கையில கொடுத்தார். அப்படியே கொண்டாந்தேன்.

ஸர்கிஸ்: ...

கல்ஃபான்: என்ன?

ஸர்கிஸ்: ஒண்ணுமில்ல. என் லென்ஸைத் தேடறேன்.

கல்ஃபான்: உங்க கண்ணுலதான் மாட்டியிருக்கு.

ஸர்கிஸ்: ...ஆமா. கண்ணுலதான் இருக்கு.

கல்ஃபான்: முகம் ஏன் இப்படி வெளுத்துப் போச்சு? உடம்பு சரியில்லையா?

ஸர்கிஸ்: வெயில்ல நடந்து வந்தேன். மே மாசத்து அபுதாபி வெயில் அலெப்போக்காரனை விட்டு வைக்குமா... சொல்லுங்க. என்ன பண்ணணும் இதை?

கல்ஃபான்: ஓடலை. அவ்வளவுதான். ஆட்டிப் பார்த்தாச்சு, தட்டிப் பார்த்தாச்சு. பெரியப்பாவுக்கு ஒரே ஆசை. "என் மகன் கையில கட்டியிருந்தது, வியாழக்கிழமை உன் கையில ஓடணும்"ங்கறார்.

ஸர்கிஸ்: பெரிய மனசு அவருக்கு. பெத்த மகனோட கடிகாரம்.

கல்ஃபான்: ம்.

ஸர்கிஸ்: உங்களுக்குத்தான் இது பிடிக்காதே. போன வருஷம் ஹுமைத் இதைக் கட்டிக்கிட்டு வந்தப்ப, "ஏண்டா, எலும்புக்கூட்டைக் கையில மாட்டியிருக்கே"ன்னு இதே நாற்காலியில உட்கார்ந்து சிரிச்சீங்க.

கல்ஃபான்: இப்பவும் பிடிக்கலை. முகமே இல்லாத கடிகாரம். சக்கரம், பல்லு, சுருள்னு குடலெல்லாம் வெளியே தெரியுது. இங்க பாருங்க, அதுக்கு நடுவுல என் விரல் வேற தெரியுது.

ஸர்கிஸ்: அதுக்குத்தானே அவ்வளவு விலை. நடுவுல தகடு கிடையாது. முன்னாடியும் கண்ணாடி, பின்னாடியும் கண்ணாடி. கட்டினவன் தோல் தெரியும். ஹுமைத் கையில நாலு மணிக்குக் கீழே ஒரு மச்சம் தெரியும்...

கல்ஃபான்: போதும் உஸ்தாத்.

ஸர்கிஸ்: மன்னிச்சுக்குங்க.

கல்ஃபான்: அது என்ன சத்தம்? உள்ள ஏதோ உருளுது...

ஸர்கிஸ்: பின்னாடி ஒரு அரைவட்டத் தகடு இருக்கு பாருங்க. கை அசைய அசைய அது சுத்தும். சுத்தச் சுத்தத் தானாவே சாவி ஏறும். உங்க கை நடுங்குது, அதான் உருளுது.

கல்ஃபான்: நான் எங்க நடுங்கறேன்? உங்க ஏசி.

ஸர்கிஸ்: குறைக்கட்டுமா?

கல்ஃபான்: வேணாம். சாவி ஏறுதுங்கறீங்க. அப்புறம் ஏன் ஓடலை?

ஸர்கிஸ்: பழுது ஒண்ணுமில்ல. பக்கவாட்டுல இந்தக் குமிழைப் பாருங்க. வெளியே இழுத்திருக்கு. மணி திருத்தறப்ப இதை இழுப்போம். இழுத்த அந்த நொடியிலேயே எல்லாம் நின்னுடும். திரும்ப உள்ள தள்ளற வரைக்கும் ஒட்டகத்து மேல கட்டி ஓட்டினாலும் அசையாது.

கல்ஃபான்: அட, இவ்வளவுதானா! இதுக்கா பெரியப்பா ராத்திரியெல்லாம் புலம்பினார்? தள்ளிக் கொடுங்க, கிளம்பறேன்.

ஸர்கிஸ்: தள்ளலாம்... ஆனா இது தானா வெளியே வராது. யாராவது நகத்தை விட்டு இழுக்கணும்.

கல்ஃபான்: போலீஸ்ல எவனாவது நோண்டியிருப்பான்.

ஸர்கிஸ்: துக்கம் கேட்க நான் வந்தப்ப உங்க பெரியப்பா காட்டினாரே, சீல் வச்ச பையில இருந்துச்சு. அப்புறம் இத்தனை மாசமாவும் பிரிக்க மனசு வரலைன்னு வீட்டுல சொன்னாங்க.

கல்ஃபான்: அப்ப வண்டி கவிழ்ந்தப்ப எதுலயாவது பட்டிருக்கும்.

ஸர்கிஸ்: பட்டா உள்ள அமுங்கும். வெளியே வராது.

கல்ஃபான்: என்ன உஸ்தாத், கடிகாரம் பார்க்கறீங்களா, கேஸ் விசாரிக்கறீங்களா?

ஸர்கிஸ்: என் தொழில் அப்படி. நின்னுபோனதைக் கொண்டாந்து வச்சா, எப்ப நின்னுதுன்னுதான் முதல்ல பார்க்கத் தோணும். அது என்னிக்கு, விபத்து?

கல்ஃபான்: ஊருக்கே தெரியும். ஜனவரி பத்து. திங்கள்கிழமை.

ஸர்கிஸ்: அன்னிக்கே ஹுமைத்...

கல்ஃபான்: அன்னிக்கே. அஸர் தொழுகைக்கு முன்னாடி. என் மடியில. கண்ணை மூடிவிட்டேன். மணலைத் தள்ளி மூடினேன். நான் ஒருத்தனே நின்னு ஜனாஸா தொழுதேன். எத்தனை தடவை சொல்றது இதை?

ஸர்கிஸ்: ஆனா ஒன்பது நாள் கழிச்சுக் கண்டுபிடிச்சப்ப மேல மணலே இல்லைன்னாங்களே.

கல்ஃபான்: லிவாவுக்குத் தெற்கே பாலைவனத்துல என்ன காத்து அடிக்கும்னு தெரியுமா உங்களுக்கு? மேடே இடம் மாறிடும். கலைச்சுட்டுப் போயிருக்கும்.

ஸர்கிஸ்: இருக்கும், இருக்கும்... இதுல தேதி பார்த்தீங்களா?

கல்ஃபான்: இதுல தேதி எங்க இருக்கு? ஒண்ணுலேர்ந்து முப்பத்தொண்ணு வரைக்கும் எல்லா எண்ணும் வளையமா தெரியுது. எதைன்னு பார்க்கறது?

ஸர்கிஸ்: தகடு இருந்தா ஒரே ஒரு ஓட்டை வழியா ஒரே ஒரு எண் தெரியும். இதுல மறைக்க ஒண்ணுமில்ல, அதனால எல்லாமே தெரியுது. பழகாதவங்க எல்லாருக்கும் இந்தக் குழப்பம் வரும். மூணு மணி பக்கத்துல கடுகளவுல ஒரு சிவப்புக் கட்டம் இருக்கு. அதுக்குள்ள நிக்கறதுதான் தேதி. இந்தாங்க லென்ஸ்.

கல்ஃபான்: எங்க... தெரியலை...

ஸர்கிஸ்: கையை மேஜை மேல ஊனிக்குங்க.

கல்ஃபான்: பதி... பதினாலு.

ஸர்கிஸ்: மணி?

கல்ஃபான்: பன்னெண்டு இருபத்தஞ்சு.

ஸர்கிஸ்: பத்து திங்கள்னா, பதினாலு வெள்ளி. தண்ணி குடிக்கறீங்களா?

கல்ஃபான்: ஆள் போனாலும் இது கொஞ்ச நாள் ஓடும். ஹுமைதே சொல்லியிருக்கான். கழட்டி வச்சாலும் ஓடும்னு.

ஸர்கிஸ்: ஓடும். ரெண்டரை நாள். திங்கள் மத்தியானத்துலேர்ந்து எண்ணினா புதன் ராத்திரி. மீறினா வியாழன் விடியக்காலை. வெள்ளிக்கு வராது. அதுவும் போக...

கல்ஃபான்: குமிழ். தெரியும். சொல்ல வேணாம்... போன் அடிக்குது, இருங்க. ஹலோ, பெரியப்பா... ஆமா, கடையிலதான்... ஓடும்னுதான் சொல்றார்... இல்லை, பழுதில்லை... யாரு, ஷம்ஸாவா? என்ன கேட்கறா?... தேதி சரியா இருக்கான்னா?... அது எதுக்கு அவளுக்கு?... ஒண்ணுமில்ல பெரியப்பா, குரல் அப்படித்தான் இருக்கு, தொண்டை கட்டியிருக்கு... வந்துடறேன்.

ஸர்கிஸ்: ஒண்ணு கேட்கலாமா? நான் சர்ச்சுக்குப் போறவன், எனக்குச் சரியாத் தெரியாது. உங்கள்ல புருஷனை இழந்தவ இத்தா இருக்கறது எந்த நாள்லேர்ந்து கணக்கு?

கல்ஃபான்: மௌத்தான நாள்லேர்ந்து. நாலு மாசம், பத்து நாள்.

ஸர்கிஸ்: ஹுமைதை இழந்து இப்ப உங்களைக் கட்டப் போற ஷம்ஸாவுக்கு எப்ப முடியுது?

கல்ஃபான்: நாளைக்கு.

ஸர்கிஸ்: நீங்க சொன்ன திங்கள்கிழமையிலேர்ந்து எண்ணினா.

கல்ஃபான்: ...ஆமா.

ஸர்கிஸ்: இந்த வெள்ளிக்கிழமையிலேர்ந்து எண்ணினா, ஞாயித்துக்கிழமை வரைக்கும் அவ ஹுமைதோட இத்தாவுலதான் இருக்கா. வியாழக்கிழமை நிக்காஹ் என்ன ஆகும்?

கல்ஃபான்: செல்லாது... என்ன, மிரட்டறீங்களா?

ஸர்கிஸ்: உங்களை மிரட்டி எனக்கு என்ன ஆகப்போகுது? நாளை எண்ணிப் பார்த்தேன்.

கல்ஃபான்: அந்தக் குமிழைத் தள்ளுங்க. ஒரு தள்ளுதானே. தள்ளினா ஓட ஆரம்பிச்சுடும். இன்னிக்குத் தேதியை வைங்க. பதினாலும் இல்ல, பதினைஞ்சும் இல்ல.

ஸர்கிஸ்: நீங்களே தள்ளுங்க.

கல்ஃபான்: நீங்கதானே கடிகாரக்காரர்?

ஸர்கிஸ்: இதுக்குக் கடிகாரக்காரன் வேணாம். கட்டைவிரலை வச்சு ஒரு அமுக்கு. உங்க கையில கட்டப்போறது, நீங்களே ஓட வைங்க... ஏன், விரல் பாதியிலேயே நின்னுடுச்சு?

கல்ஃபான்: சுடுது.

ஸர்கிஸ்: ஏசியில கிடந்த சாமான். எப்படிச் சுடும்?

கல்ஃபான்: சுடுதுங்கறேன்! வெயில்ல கிடந்த மாதிரி... எடுங்க. என் கையிலேர்ந்து எடுங்க இதை.

ஸர்கிஸ்: துணி மேல வைங்க. அப்படியே. நான் தொடலை... வல்லூறு எப்படி இருக்கு?

கல்ஃபான்: எது?

ஸர்கிஸ்: ஹுமைதோட பறவை. அதைக் கையில ஏந்திக்கிட்டு மணல்ல ரெண்டு நாள் நடந்து வந்தீங்களே. "செத்தவனோட பிரியத்தைச் சுமந்துக்கிட்டு வந்தான்"னு மஜ்லிஸ்ல எல்லாரும் உங்களைக் கொண்டாடினாங்க.

கல்ஃபான்: நல்லா இருக்கு. தீனி எடுக்குது.

ஸர்கிஸ்: அந்த ரெண்டு நாளும் அதுக்குத் தண்ணி?

கல்ஃபான்: வாயில எடுத்து மேல கொப்புளிச்சேன். மூணு வேளை. இல்லேன்னா பொசுங்கிடும்...

ஸர்கிஸ்: வண்டி கவிழ்ந்ததுல தண்ணியெல்லாம் கொட்டிப்போச்சு, ஹுமைதுக்கு ஒரு வாய் கூடக் கொடுக்க முடியலைன்னு சொன்னீங்களே, கல்ஃபான்.

கல்ஃபான்: கடைக் கதவைப் பூட்டுங்க.

ஸர்கிஸ்: பூட்டியாச்சு. நீங்க உள்ள வந்ததுமே பூட்டிட்டேன்.

கல்ஃபான்: ...அவன் இடுப்பு வரைக்கும் வண்டிக்கு அடியில இருந்தான். இழுத்துப் பார்த்தேன். வல்லாஹி, இழுத்துப் பார்த்தேன் உஸ்தாத். கையெல்லாம் கிழிஞ்சு போச்சு.

ஸர்கிஸ்: பேசினாரா?

கல்ஃபான்: சிரிச்சான். "கால் இருக்கா இல்லையான்னே தெரியலைடா, நல்லதாப் போச்சு, வலிக்கலை"ன்னான். "ரெண்டு பேரும் இங்க சாக வேணாம். பறவையைத் தூக்கிக்கிட்டு நட. ஆள் கூட்டிக்கிட்டு வா"ன்னான்.

ஸர்கிஸ்: தண்ணி எவ்வளவு இருந்துச்சு?

கல்ஃபான்: ஒரு கேன். பாதி அவன் கிட்ட வச்சேன். பாதி நான் எடுத்துக்கிட்டேன். சத்தியமா அப்படித்தான் கிளம்பினேன். மேட்டுல பாதி தூரம் ஏறிட்டேன். அப்புறம்... திரும்பி இறங்கினேன்.

ஸர்கிஸ்: எதுக்கு?

கல்ஃபான்: அந்தப் பாதியையும் எடுக்க.

ஸர்கிஸ்: அவர் ஒண்ணும் சொல்லலையா?

கல்ஃபான்: "எடுத்துக்கோடா, நடக்கப் போறவன் நீதானே"ன்னான். அவனே கேனை நகர்த்திக் கொடுத்தான்.

ஸர்கிஸ்: கடவுளே...

கல்ஃபான்: ஷம்ஸா எனக்குப் பேசின பொண்ணு. சித்தப்பா மகள், எங்கள்ல கட்டற முறைதான். அவனுக்கு முன்னாடி எனக்குத்தான் கேட்டாங்க. அவ அவனைத்தான் கட்டுவேன்னு சொல்லிட்டா. ஆறு வருஷமா அவங்க வீட்டுல உட்கார்ந்து, அவ கையால ஊத்தின காவாவைக் குடிச்சிக்கிட்டு, சிரிச்சிக்கிட்டு... அந்த மேட்டுல ஏறறப்ப அது ஒண்ணும் மனசுல இல்ல. இறங்கறப்ப இருந்துச்சு.

ஸர்கிஸ்: அப்புறம் நடந்து போயிட்டீங்க.

கல்ஃபான்: உடனே போகலை. மேட்டு உச்சியில நின்னேன். ஊர்ல கேட்பாங்களே, "தொழுதியா?"ன்னு முதல்ல அதைத்தான் கேட்பாங்க. அதுல பொய் சொல்ல எனக்குப் பயம். மத்ததுல சொல்லலாம், அதுல கூடாது. அதனால... தொழுதேன்.

ஸர்கிஸ்: என்ன தொழுதீங்க?

கல்ஃபான்: ஜனாஸா. அவனுக்கு. மக்கா இருக்கற கிப்லா திசையும் அவன் இருந்த பக்கமும் ஒண்ணாவே இருந்துச்சு. கையைக் கட்டி நின்னேன். நாலு தக்பீர், நாலு தடவை அல்லாஹு அக்பர். குனியறது கிடையாது, நெத்தியைத் தரையில வைக்கற சஜ்தா கிடையாது. அந்தத் தொழுகையைப் பார்த்தா சின்னப் பிள்ளைக்குக் கூடத் தெரியும், இது மையித்துக்கு, செத்தவனுக்குத் தொழறதுன்னு.

ஸர்கிஸ்: அவர் பார்த்துக்கிட்டா இருந்தார்?

கல்ஃபான்: ரெண்டாவது தக்பீர் சொல்றப்ப கீழேருந்து குரல் வந்துச்சு. "கல்ஃபான்... யாருக்குடா தொழறே?"

ஸர்கிஸ்: நீங்க நிறுத்தினீங்களா?

கல்ஃபான்: நடுவுல நிறுத்தக் கூடாது. முடிச்சு ஸலாம் கொடுத்துட்டுத்தான் திரும்பினேன். அப்புறம் அவன் கூப்பிடவே இல்ல. கூப்பிட்டிருந்தா இறங்கியிருப்பேன்னு ராத்திரியெல்லாம் சொல்லிக்கறேன்... ஒட்டகம் மேய்க்கறவங்க கொட்டில் வந்துச்சு. "வேற யாராவது இருக்காங்களா?"ன்னாங்க. செத்துட்டான்னேன். எந்தப் பக்கம்னு கேட்டாங்க. வடக்கைக் காட்டினேன்.

ஸர்கிஸ்: அவர் தெற்கே இருந்தார்.

கல்ஃபான்: தெற்கே இருந்தான்.

ஸர்கிஸ்: உங்க முகத்தைப் பார்த்தா இன்னும் ஏதோ பாக்கி இருக்கு.

கல்ஃபான்: முதல்ல நான் கிளம்பறப்ப, தண்ணிக்காகத் திரும்பி வர்றதுக்கு முன்னாடி, ஒண்ணு சொன்னான். "வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்குவேன். ஜும்ஆ பாங்குக்குள்ள வந்துடு. கையில கடிகாரம் இருக்கு, பார்த்துக்கிட்டே இருக்கேன்"னான். பன்னெண்டரைக்குப் பாங்கு, உஸ்தாத். பன்னெண்டு இருபத்தஞ்சு வரைக்கும் பார்த்திருக்கான். நான் வரலைன்னு தெரிஞ்சதும் இழுத்து நிறுத்திட்டான். எனக்காக வச்சுட்டுப் போயிருக்கான். சொல்லிட்டேன். நாலு மாசமா நெஞ்சுல கிடந்ததைச் சொல்லிட்டேன். இப்பவாவது தள்ளுங்க. அவன் இழுத்ததை நீங்க தள்ளிடுங்க. என்னால தொட முடியலை.

ஸர்கிஸ்: அவர் இழுக்கலை.

கல்ஃபான்: என்னது?

ஸர்கிஸ்: குமிழை இழுத்தது நான். நேத்து மத்தியானம். நீங்க உட்கார்ந்திருக்கற இடத்துல ஷம்ஸா நின்னுக்கிட்டிருந்தா.

கல்ஃபான்: பொய். அவ இத்தாவுல இருக்கா. வாசல் தாண்ட மாட்டா.

ஸர்கிஸ்: தாண்டி வந்தா. பையைப் பிரிச்சு எடுத்தப்பவே இது ஓட ஆரம்பிச்சிருக்கு. எடுத்து ஆட்டினா எந்தக் கடிகாரமும் ஓடும். ஏதோ ஒரு தேதி, ஏதோ ஒரு மணி, அதுலேர்ந்து யாராலயும் ஒண்ணும் சொல்ல முடியாது. அதைத்தான் அவ கிட்டயும் சொன்னேன். அவ அழலை. "பறவைக்கு இருந்த தண்ணி என் புருஷனுக்கு இல்லாம போச்சா?"ன்னு கேட்டா. "ஏதாவது ஒரு நாளை வச்சு நிறுத்திக் கொடுங்க, மாமா கையால அவன் கிட்டயே கொடுத்து அனுப்பறேன். பார்த்ததும் அவன் முகம் எப்படி இருந்துச்சுன்னு மட்டும் எனக்குச் சொல்லுங்க"ன்னா.

கல்ஃபான்: அடப் பாவி... ரெண்டு பேரும் சேர்ந்தா... அப்ப வெள்ளிக்கிழமைன்னு உனக்கு யார் சொன்னா? அந்த வார்த்தை அவனையும் என்னையும் தவிர யாருக்கும் தெரியாது! அவளுக்கும் தெரியாது! யார் சொல்லி நீ பதினாலை வச்சே?

ஸர்கிஸ்: யாரும் சொல்லலை. உங்களைத் தள்ளச் சொன்னது கூட உங்களைச் சோதிக்க இல்ல, கல்ஃபான்... எனக்கே அதைத் தொடப் பயமா இருக்கு. நேத்து என் கையால நான் வச்சது பதிமூணாம் தேதி, பத்தேகால் மணி.